படுத்த பிறகும் இறங்காத அழுத்தம்

புதிதாகக் கிளினிக் போட்டிருக்கும் டாக்டர் பிள்ளைகள் அவ்வப்போது என்னிடம் வருகிறார்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களின் சிறுநீரகம் கெட ஆரம்பிப்பதை முதலிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறார்கள். புத்தகத்தில் இருக்கிறது, போய்ப் படியுங்கள் என்று சொல்லி அனுப்புவேன். புத்தகத்தில் இல்லாததை இங்கே எழுதுகிறேன்.

உங்கள் எதிரே நாற்காலியில் உட்காருகிறவர் ஏதோ ஒரு பொய்யோடுதான் வருகிறார். மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறேன் என்பார், அட்டையைக் கேட்டால் பாதி பிரிக்காமல் இருக்கும். உப்பை விட்டுவிட்டேன் என்பார், விரலில் ஊறுகாய் எண்ணெய் மினுக்கும். அழுத்தம் பார்க்கும் கருவியும் பொய் சொல்லும். லேப் ரிப்போர்ட் இன்னும் பெரிய பொய் சொல்லும், ஏனென்றால் அதில் முத்திரை இருக்கிறது. நான் யாரையும் நம்பியதில்லை. அதனால் எனக்கு நல்ல பெயரும் இருந்ததில்லை. மந்தைவெளியில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, குறுகலான படி ஏறி வரும் மாடியில் என் கிளினிக் இருந்தது. அந்தப் படியில் இறங்கும்போது என்னைத் திட்டாமல் போனவர்கள் குறைவு.

லேப் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு தேவைப்படும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சிறுநீரை வாங்கித் தொட்டியில் கொட்டிவிட்டு 'ஆல்புமின் இல்லை' என்று எழுதிக் கொடுக்கிற லேப்கள் சில இருந்தன. ஆல்புமின் என்பது ரத்தத்தில் இருக்கிற புரதம், சிறுநீரில் வரக் கூடாதது. வந்தால் சிறுநீரக வடிகட்டி ஓட்டையாகிறது என்று பொருள். பெரும்பாலானவர்களுக்கு அது வராது. அதனால் பார்க்காமலே 'இல்லை' என்று எழுதினால் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அந்தத் தைரியம் அவர்களுக்கு. ஒருநாள் முட்டை வெள்ளைக்கருவைத் தண்ணீரில் அடித்துக் கலந்து, நிறத்துக்குக் கொஞ்சம் டீத் தண்ணீர் விட்டு, இல்லாத ஒரு பெயரைப் பாட்டிலில் ஒட்டி மூன்று லேப்களுக்கு அனுப்பினேன். இரண்டில் 'இல்லை' என்று வந்தது. மூன்றாவது லேப் மட்டும் ஆல்புமின் ஏராளம், உடனே கவனிக்கவும் என்று எழுதியிருந்தது. அதன் பிறகு அந்த ஒரு லேபுக்குத்தான் அனுப்பினேன். என்னைப் பொறுத்தவரை நம்பிக்கை என்றால் அந்த அளவுதான்.

இனி தனபால் கதை.

விஜயா என்று ஒரு பெண் என்னிடம் வருவாள். மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. அவள் புருஷன் மோகன் ஆட்டோ ஓட்டுபவன், முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரா வாரம் ரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தான். அவன் கதையைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வர வேண்டும். சில வருடங்களுக்கு முன்பே தலைவலி என்று வேறு ஒரு டாக்டரிடம் போயிருக்கிறான். அழுத்தம் அதிகம் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு தடவைகூடச் சிறுநீரைப் பார்க்கவில்லை. தலைவலி போனதும் இவன் மாத்திரையை நிறுத்திவிட்டான். அடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனது வாந்தியும் வீங்கிய முகமுமாக. அப்போது பார்க்க ஒன்றும் மிச்சமில்லை.

அவனுக்கு மாற்றுச் சிறுநீரகம் வேண்டும். விஜயாவின் ரத்த வகை சேரவில்லை. தாய் தகப்பன் இல்லை. அவனுக்குக் கூடப் பிறந்தவர் ஒரே அண்ணன், தனபால். ரத்த வகை பொருந்தியது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்ட நேரத்தில், தனக்கு ரொம்ப நாளாக பிபி இருக்கிறது என்று தனபால் சொல்லிவிட்டார். அழுத்தம் உள்ளவரிடம் சிறுநீரகம் எடுக்க யோசிப்பார்கள். மிச்சமிருக்கும் ஒன்றுக்கு ஆபத்து. ஆகவே வெளியே ஒரு டாக்டரிடம் பல நாள் பார்த்து எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். விஜயா அவரை என்னிடம் இழுத்துக்கொண்டு வந்தாள். இழுத்துக்கொண்டு என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். சட்டைக் கையைப் பிடித்திருந்தாள்.

"டாக்டரம்மா, இவுருக்கு இன்னா கீதுன்னு நீங்களே பாருங்க. பிபின்றாரு. இத்தினி வருசமா இல்லாத பிபி, கிட்னி கேட்டதும் எங்கேர்ந்து வந்துச்சு?"

தனபாலுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தி. நகரில் ஒரு பெரிய துணிக்கடையில் புடவைப் பிரிவில் விற்பனையாளர். காலையிலிருந்து இரவு வரை நின்றபடி புடவையை உதறி விரித்து, மடித்து, மறுபடி விரிக்கிற வேலை. நன்றாகப் பேசுவார். அப்படிப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு முதலிலேயே ஆகாது. எந்த டாக்டர் பிபி என்று சொன்னார் என்று கேட்டேன். வேலூர்ப் பக்கம் ஒருவர் என்றார். என்ன மாத்திரை? ஏதோ சின்ன வெள்ளை மாத்திரை. சீட்டு எங்கே? மழையில் நனைந்துவிட்டது. விஜயா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். நானும் அவளைப் பார்த்து உயர்த்தியிருப்பேன்.

கையில் பட்டையைச் சுற்றினேன். நூற்று எண்பதுக்கு நூற்றுப் பத்து. பெரிய எண்தான். ஆனால் அவர் நெற்றியில் புதிதாக வேர்த்திருந்தது, மூச்சு வாங்கியது. படியில் ஓடி ஏறியிருக்கிறார். வயிறு கல் மாதிரி இறுகியிருந்தது. குனிந்து பார்த்தேன். செருப்புக்குள் இரண்டு கட்டைவிரலும் மடங்கி அழுந்திக்கொண்டிருந்தன. உடம்பை இப்படி முறுக்கினால் அழுத்தம் ஏறும். இந்த வித்தையைக் கடை ஆட்கள், அலுவலக ஆட்கள் என்று பலரிடம் பார்த்திருக்கிறேன். நீண்ட லீவு எடுக்க, இடமாற்றத்தைத் தட்டிக் கழிக்க என்று டாக்டர் சீட்டு வாங்க வருவார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுப்பார்கள்.

"மூச்ச விடுங்க. கால நேரா வைங்க. என்கிட்ட நடிக்காதீங்க" என்றேன்.

விஜயா பக்கத்திலேயே நின்றாள். அந்த வார்த்தை அவள் காதில் விழுந்தது. அது எங்கே வந்து நிற்கும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அவரை உள் அறையில் கட்டிலில் படுக்க வைத்தேன். விளக்கை அணைத்தேன். வெளியே மற்ற நோயாளிகளைப் பார்த்து முடித்துவிட்டுப் போனேன். அப்போது அவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார், விரல்கள் தளர்ந்திருந்தன. மறுபடி பார்த்தேன். நூற்று ஐம்பத்தாறுக்கு நூறு. இறங்கியிருந்தது. ஆனால் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பொய்யன் என்று முடிவு செய்துவிட்ட ஒருவரைப் பற்றி வரும் தகவல் எல்லாம் அந்த முடிவுக்கே போய்ச் சேரும். படுத்துக்கொண்டும் பதற்றமாக இருக்கிறார் என்று எழுதி வைத்தேன்.

பரிசோதனைகள் வந்தன. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் நார்மல். சிறுநீரில் ஆல்புமின் இல்லை, அதுவும் என் நம்பிக்கையான லேபிலிருந்து. அடுத்து இரண்டு முறை வரச் சொன்னேன். இரண்டு முறையும் முதலில் உச்சத்தில், படுத்த பிறகு கொஞ்சம் கீழே. மூன்றாவது தடவை, வரும் முன் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். வாயைத் திறந்ததுமே மாங்காய் ஊறுகாயும் டிகாஷன் காபியும் சேர்ந்து அடித்தன. இரண்டுமே அழுத்தத்தை ஏற்றும்.

இதற்கிடையில் ஆஸ்பத்திரியின் சிறுநீரக நிபுணர் போன் செய்தார். பெயர் வேண்டாம். திறமையான மனிதர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர்.

"மேடம், கிரியேட்டினின் நார்மல், ஆல்புமின் நெகட்டிவ். ஆளு பயந்தாங்கொள்ளி, அவ்ளோதான். டென்ஷன்ல ஏறுற பிபின்னு ஒரு வரி எழுதுங்க. தம்பிக்கு டைம் இல்ல."

டைம் இல்லை என்பது உண்மை. அந்த வாரம் மோகனைப் பார்க்க நானே போயிருந்தேன். கருத்து, உலர்ந்து, உதடு வெடித்துப் படுத்திருந்தான். தண்ணீர் அளந்துதான் குடிக்கலாம் என்பதால் ஒரு ஐஸ் கட்டியைக் கன்னத்தில் அடக்கி வைத்திருந்தான். அண்ணனைப் பற்றிக் கேட்டேன். சிரித்தான்.

"எங்கண்ணனா? அது ஊசின்னாலே ஸ்கூல் செவுரு ஏறிக் குதிச்சு ஓடும் டாக்டரம்மா. அம்மை குத்த வந்தப்ப ரெண்டு நாளு வூட்டுக்கே வரல. அதும் கையில போயி கிட்னிய கேட்டா குடுக்குமா?"

அவன் குரலில் கோபம் இல்லை. அதனால் எனக்குக் கோபம் வந்தது.

உங்களில் சிலர் கேட்பீர்கள், கொடுக்க விருப்பமில்லை என்று சொல்ல அந்த மனிதருக்கு உரிமை இல்லையா என்று. இருக்கிறது. எனக்கு மனமில்லை என்று அவர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி கேட்காமல் 'பொருந்தவில்லை' என்று எழுதி அனுப்பியிருப்பேன். பயத்தை ஒரு காரணமாக ஏற்றுக்கொள்ள எனக்குத் தெரியும். நோயைப் பொய்யாகச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கோபத்தில் பேனாவை எடுத்து, பதற்றத்தால் ஏறும் அழுத்தம், வேறு கோளாறு இல்லை என்று எழுத ஆரம்பித்தேன்.

எழுதும்போது அவருடைய எண்களை வரிசையாகக் கீழே பதிய வேண்டியிருந்தது. வரும்போது பார்த்தவை ஒரு பக்கம், படுத்த பிறகு பார்த்தவை மறுபக்கம். நடித்துக் காட்டியவை மேலும் கீழுமாக ஆடின. படுத்த பிறகு பார்த்தவை ஆடவில்லை. மூன்று முறையும் கீழ் எண் நூறுக்கு அருகிலேயே நின்றது. நடிக்கிறவன் ஓய்ந்த பிறகும் நிற்கிற எண் யாருடையது? பேனாவை மூடி வைத்துவிட்டு, மறுநாள் அவரை மட்டும் தனியாக வரச் சொன்னேன்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் கண்பாவை விரியக் காத்திருந்து, விளக்குக் கருவியால் உள்ளே பார்த்தேன். கட்டைவிரலை மடக்கலாம், வயிற்றை இறுக்கலாம், விழித்திரையின் ரத்தக் குழாயை யாராலும் முறுக்க முடியாது. அங்கே தமனிகள் கம்பி மாதிரி மெலிந்திருந்தன. அவை சிரைகளைக் குறுக்கே கடக்கிற இடங்களில் சிரை நசுங்கியிருந்தது. ஒரு நாள் ஊறுகாயால் வருவது இல்லை அது. பல வருடம் அழுத்தம் இடித்தால் வருவது.

அப்போதும் நான் நம்பவில்லை. என் கண்ணையும் நான் நம்புவதில்லை. சட்டைப் பையைக் காட்டச் சொன்னேன். முணுமுணுத்தபடி எடுத்து வைத்தார். சீப்பு, கடை அடையாள அட்டை, ஒரு வலி மாத்திரை அட்டை. தினமும் இரண்டு போடுவாராம். நாள் முழுக்க நின்றால் கால் தெறிக்கிறது, கடையில் எல்லோரும் போடுகிறார்கள் என்றார். உட்கார அங்கே ஸ்டூல்கூடக் கிடையாது. அந்த மாத்திரை அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் தின்னும். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றால், நீங்கள் பிபி மாத்திரையைத்தானே கேட்டீர்கள் என்கிறார். அட்டையைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன்.

வலி மாத்திரையின் வேகம் உடம்பைவிட்டுப் போக இரண்டு வாரம் விட்டு, விடிந்தும் விடியாத நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் அவர் வீட்டுக்குப் போனேன். கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் இரண்டாவது மாடி. அவர் மனைவி கதவைத் திறந்து, யாரோ செத்துப் போய்விட்ட செய்தியோடு வந்திருக்கிறேன் என்று நினைத்து முகம் வெளுத்தார். யாருக்கும் ஒன்றும் இல்லை, அவரை எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். தனபால் தரையில் பாயில், வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். பட்டையைச் சுற்றும்போதுதான் கண் விழித்தார்.

"இன்னா டாக்டரம்மா, ரெய்டா?"

"பேசாம படுங்க."

நூற்று அறுபதுக்கு நூற்று நான்கு. மறு கையில் பார்த்தேன், அதேதான். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி பார்த்தேன், அதேதான். என்னை ஏமாற்ற அவருக்கு நேரமே கிடைக்கவில்லை. பல்கூடத் தேய்க்காத மனிதர். ஒரு பாட்டிலைக் கொடுத்து அந்த நாளின் முதல் சிறுநீரை வாங்கினேன். கழிவறைக் கதவுக்கு வெளியே நானே நின்றேன். தண்ணீர்க் குழாயைத் திறந்தால் தெரியட்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவர் மனைவி என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். பார்க்கட்டும்.

சாதாரணச் சோதனை, ஆல்புமின் ஓரளவு கொட்டினால்தான் காட்டும். துளியாகக் கசியும்போது அதற்குக் கண் தெரியாது. அந்தத் துளிக் கசிவைக் காட்டும் சோதனை அப்போது எல்லா இடத்திலும் கிடையாது, செலவும் அதிகம், அடையாறில் ஒரு லேபில் செய்தார்கள். நேராக அங்கே போய்க் கொடுத்தேன். கசிவு இருந்தது. ஒரு தடவை இருந்தால் போதாது. காய்ச்சல் இருந்தாலும், முதல் நாள் ஓடியாடினாலும் வரும். சில வாரங்கள் இடைவெளி விட்டு மேலும் இரண்டு முறை அதே மாதிரி விடியற்காலை ரெய்டு. இரண்டு முறையும் கசிவு.

இடைப்பட்ட வாரங்களில் நிபுணர் எத்தனை முறை போன் செய்தார் என்பதும், விஜயா படியேறி வந்து 'எழுதிட்டீங்களா' என்று எத்தனை முறை கேட்டாள் என்பதும் எனக்குத்தான் தெரியும். ஒருவன் ஐஸ் கட்டியைச் சப்பிக்கொண்டு படுத்திருக்கிறான், இவள் எதையோ நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று அவர்கள் நினைத்தார்கள். நினைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அப்படி உங்களை நெருக்கும் நாளில் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கிரியேட்டினின் நார்மல் என்பது சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்பதற்கு நற்சான்றிதழ் கிடையாது. கிட்டத்தட்டப் பாதி போகிறவரை அந்த எண் அசையாமல் இருக்கும். தம்பியையும் ஒரு காலத்தில் நார்மல் என்றுதான் சொல்லியிருப்பார்கள், யாராவது பார்த்திருந்தால்.

தனபாலைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். உங்களுக்கு நிஜமாகவே அழுத்தம் இருக்கிறது, பல வருடமாக இருக்கிறது. சிறுநீரகம் கசிய ஆரம்பித்திருக்கிறது. இப்போதே பிடித்துவிட்டால் நிறுத்தி வைக்கலாம், விட்டால் தம்பி போன வழிதான். சிறுநீரகம் கொடுக்க நீங்கள் தகுதி இல்லை.

அவர் புடவை மடிப்பது போல மேசை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"வேலூரு டாக்டரு யாரும் இல்ல டாக்டரம்மா. நான் பயந்துக்கினு சொன்னது. ஊறுகா, கட்டைவெரலு, எல்லாம் கடையில ஒருத்தன் சொல்லிக் குடுத்தான்."

"தெரியும்."

"அப்ப நான் சொன்னது பொய் இல்லியா?"

"பொய்தான். நோய் நிஜம். ரெண்டும் வேற வேற."

பிறகு, இப்போது நான் கொடுக்கிறேன் என்று சொன்னால் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டார். எடுக்கக் கூடாது, எடுக்கவும் மாட்டார்கள் என்றேன். இந்தக் கேள்வியைக்கூட நான் உடனே நம்பவில்லை. இல்லை என்ற பதில் உறுதியான பிறகு கேட்பது எல்லோருக்கும் எளிது. ஆனால் கேட்கும்போது அவர் மடித்த விரிப்பைப் பிரிக்க மறந்திருந்தார். அதை நடிப்பு என்று சொல்ல நான் காரணம் தேடினேன், கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பினேன். நிபுணர் போனில் கத்தினார். பிறகு அவர்களே எல்லாவற்றையும் திரும்பச் செய்து பார்த்து, வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அதை எனக்குச் சொல்ல யாரும் போன் செய்யவில்லை. தனபால் வந்து சொன்னார்.

விஜயா அடுத்த நாள் வந்தாள். கிளினிக்கில் கூட்டம் இருந்தது. அவள் உட்காரவில்லை.

"இன்னா குடுத்தாரு உங்களுக்கு?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. உள்ளே வா என்றேன். வரவில்லை.

"மொத நாளு நீங்களே சொன்னீங்க, நடிக்காதீங்கன்னு. நான் பக்கத்துல நின்னு கேட்டுக்கினு இருந்தேன். அன்னிக்கு நடிச்சவருக்கு இன்னிக்கு எப்டி நோவு வரும்? சொல்லுங்க."

கண்ணில் பார்த்ததை, விடியற்காலையில் பார்த்ததை, துளிக் கசிவை எல்லாம் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள், நம்பாமல். அன்று ஏன் நடித்தார் என்பதற்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை. ஒரு நோயாளி மூடிய அறையில் சொன்னதை இன்னொருவரிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்த ஒரு இடத்தில் நான் வாயை மூடியதுதான் அவளுக்குப் போதுமான சாட்சியாக இருந்தது. படியில் இறங்கும்போது அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நடிக்காதீர்கள் என்று நடிப்பவரிடம் இன்றைக்கும் சொல்வேன். கூட வந்தவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திய பிறகு சொல்வேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். உங்கள் சந்தேகம் கைக்கும் கருவிக்கும் வேலை கொடுக்கட்டும். வாய்க்கு வந்தால் அது தீர்ப்பாகிவிடும். பிறகு நீங்களே நினைத்தாலும் அதைத் திருப்பி வாங்க முடியாது.

மோகன் அடுத்த மழைக்காலம் வரை இருந்தான். வேறு யாரும் கிடைக்கவில்லை. நான் சாவுக்குப் போனேன். விஜயா என்னைப் பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை. தனபால் பந்தலுக்கு வெளியே ரோட்டில் நின்றிருந்தார். உள்ளே வரச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிடவில்லை. பாடைக்குத் தோள் கொடுக்கிற நேரத்தில் மட்டும் ஒருவர் கையைக் காட்டிக் கூப்பிட்டார், தனபால் போய்த் தூக்கினார்.

தனபால் என்னிடம் மருந்து சாப்பிட்டார். அழுத்தத்தைக் குறைத்து, கசிவையும் அடக்குகிற மாத்திரை அப்போது வந்திருந்தது. ஊறுகாயை விட்டார். வலி மாத்திரையை விட்டார் என்று சொன்னார், ஒவ்வொரு முறையும் சட்டைப் பையைப் பார்த்தேன். கடை முதலாளியிடம் பேசி ஒரு ஸ்டூலும் வாங்கிவிட்டார். முதலாளி இல்லாத நேரத்தில் மட்டும் அதில் உட்காரலாமாம். கசிவு குறைந்தது, பிறகு அதே இடத்தில் நின்றது.

சில வருடங்கள் போயின. ஊருக்குச் சென்னை என்று பெயர் மாற்றியாகிவிட்டது. ஒரு சாயங்காலம், வரிசையின் கடைசியில் விஜயா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் மகள் தேவி, அப்போதுதான் பள்ளி முடித்தவள், அப்பன் முகம். முறை வந்ததும் உள்ளே வந்து, விஜயா கைப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள். காலையில் பிடித்த முதல் சிறுநீர் என்று மகள்தான் சொன்னாள். அவள் பேச்சில் எரிச்சல் இருந்தது. கூட்டத்தில் பாட்டிலோடு உட்கார வைத்துவிட்டாளே என்று.

அப்பனுக்கும் பெரியப்பனுக்கும் இருந்தால் இவளையும் பார்க்க வேண்டும். இதை நான் விஜயாவுக்குச் சொன்னதில்லை, சொல்ல அவள் இடம் கொடுக்கவில்லை. அவளாகவே வந்திருக்கிறாள். பெரியப்பனுக்கு நோய் இருந்தது என்று அவள் நம்பாமல் இருந்தால் வந்திருக்க மாட்டாள் என்று நீங்கள் நினைப்பீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நம்பாமலும் வந்திருக்கலாம்.

பெண்ணை உட்கார வைத்து, காத்திருந்து, இரண்டு கையிலும் அழுத்தம் பார்த்தேன். நார்மல். சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சூடாக்கினேன். ஆல்புமின் இருந்தால் கலங்கும். கலங்கவில்லை. துளிக் கசிவு சோதனைக்கு மிச்சத்தை அனுப்பினேன். அதற்குள் அதைக் கொஞ்சம் அதிக இடங்களில் செய்ய ஆரம்பித்திருந்தார்கள். முடிவு வாங்க விஜயா தனியாக வந்தாள்.

"ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கா" என்றேன்.

தாளை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தாள். படிக்கத் தெரிந்தவள்தான். பிறகு, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"புள்ளையோட பெரியப்பாக்கு இப்ப எப்டி கீது?"

"அப்படியே நிக்குது. மேல போகல."

"நிக்கட்டும்" என்றாள்.

எழுந்து கதவு வரை போனாள். திரும்பி வந்து தாளை என் மேசைமேல் வைத்து, விரலால் தள்ளினாள்.

"புள்ளைக்கு இன்னொரு தபா பாத்துடுங்க டாக்டரம்மா. ஒரு தபா பாத்துட்டு நீங்க சொல்றத நான் நம்ப மாட்டேன்."

நானும் நம்பியிருக்க மாட்டேன். இன்னொரு பாட்டிலை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.